புகைபோக்கியில் எங்கள் கருவி

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் முட்டுவலி குறைந்ததா? நீங்கள் நேரத்துக்கு மாத்திரை போடுகிறீர்களா? நான் நலம்.

ஆலைப் புகையில் எவ்வளவு கந்தக வாயு இருக்கிறது என்று அளக்க, இங்கே சிங்கப்பூரில், பூன் லே பட்டறையில் நாங்கள் ஐந்து பேர் ஒரு கருவி செய்தோமே, அதை நேற்று முதன்முதலாகப் புகைபோக்கியில் மாட்டினோம். நானும் மேலே ஏறினேன். பயப்படாதீர்கள், இடுப்பில் பெல்ட் உண்டு.

அங்கே ஏற்கெனவே இருந்த வெளிநாட்டுக் கருவியைவிட எங்களுடையது அதிகமாகக் காட்டியது. ஆலை மேலாளர் நடேசன், "உங்க மெஷின் தப்பா காட்டுதுலா, கழட்டிடுங்க" என்றார். "ஒரே ஒரு டெஸ்ட் பண்ணிடறேன் சார்" என்று கேட்டு, அளவு இருநூறு என்று சான்றோடு வந்த சோதனை வாயுவை இரண்டு கருவிக்கும் கொடுத்தேன். பழையது நூற்றெழுபது காட்டியது. எங்களுடையது இருநூறு.

அவர் இரண்டு கருவியையும் குனிந்து பார்த்தார். பிறகு, "இன்னும் மூணு புகைபோக்கி இருக்கு. எப்ப செஞ்சு தருவீங்க?" என்றார். எனக்கு இன்னும் கால் தரையில் பாவவில்லை உம்மா.

இங்கே தேக்கா சந்தையில் மாசிக்கருவாடுகூடக் கிடைக்கிறது, எதுவும் அனுப்ப வேண்டாம். அடுத்த முறை பேசும்போது மட்டும் போனை அடுப்படியில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நீங்களும் வாப்பாவும் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறேன்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்,
யும்னா