முஸ்பிறாவின் முற்பணம்

கல்முனை

அன்பு மகன் இஹ்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கை ஸப்னாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். கட்டாரில் நீயும் அப்படி இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். மனதுக்குத்தான் சுகமில்லை. கோபத்தோடு எழுதுகிறேன், கடைசி வரை வாசி.

நீ வங்கிக் கடன் எடுத்துக் கட்டிய வாடகை வீட்டில் இருக்கும் முஸ்பிறா மூன்று மாதமாக வாடகை தரவில்லை, அதனால்தான் தவணை நிற்கிறது என்று போன மாதம் சொன்னாய் அல்லவா, அதை நம்பி நான் அந்தப் பிள்ளையின் வாசலில் நின்று கத்தினேன் மகன். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். அவள் உள்ளே போய் ஒரு கடதாசியை எடுத்து வந்து, "உம்மா, நாங்க ஒரு வருசக் காசையும் முன்னுக்கே தந்திட்டம், உங்கட மகன்தான் கையெழுத்து வெச்சிரிக்கார்" என்றாள். பார்த்தேன், உன் கையெழுத்துத்தான். நோன்புப் பெருநாளுக்கு நீ வந்திருந்தபோது, இறக்காமத்தில் வயல் செய்யும் அவள் புருஷன் பெரும்போக நெல் விற்ற காசில் மூன்று இலட்சத்து முப்பத்தாறாயிரம் தந்திருக்கிறார். போகத்துக்குப் போகம் கையில் காசு வருகிற ஆட்கள், ஒரு வருடம் நிம்மதியாக இருக்கலாம் என்று மொத்தமாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

அதோடு விட்டாயா? அவளை எழுப்பிவிட்டுக் கூடின வாடகைக்கு வேறு ஆளை வைக்க, உன் கூட்டாளி றமீஸை ஏவி அந்த வீட்டு ஃபியூஸைக் கழற்ற வைத்திருக்கிறாய். இரண்டு நாள் கரண்ட் இல்லை, தண்ணீர் மோட்டர் ஓடவில்லை, பால்குடிக் குழந்தையை வைத்துக்கொண்டு அவள் பக்கத்து வீட்டுக் கிணற்றில் அள்ளியிருக்கிறாள். நான் றமீஸைக் கூப்பிட்டு, அந்த நேரமே மாட்ட வைத்தேன். பயத்தில் மற்றதையும் அவனே சொன்னான். அந்த முற்பணம் வங்கிக்குப் போகவில்லை, நீ லீசிங்கில் எடுத்து அவனை ஓட விட்டிருக்கும் வேனுக்குப் போயிருக்கிறது. கடனைக் கட்ட வந்த காசைக் கொண்டுபோய் இன்னொரு கடனுக்கு முதல் போட்டிருக்கிறாய்! அந்த வாடகை வீட்டைக் கட்ட என் வீட்டு உறுதிப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைக்கக் கேட்ட அன்று என்ன சொன்னாய்? "பயப்படாதீங்க உம்மா, வீடு தன்ட கடனத் தானே கட்டும்" என்றாய். கல்லும் சீமெந்துமா மகன் கட்டுகிறது? முஸ்பிறா கட்டுகிறாள். அவள் கட்டினதை நீ தின்றுவிட்டு அவள் கட்டவில்லை என்கிறாய்.

நேற்று ஸப்னாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். கடன் பிரிவில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தது. நாலு மாதத் தவணை நிலுவை, இப்படியே போனால் ஈடு வைத்த வீட்டில்தான் கை வைப்பார்கள் என்றது. நாங்கள் குடியிருக்கும் வீடு, ஸப்னாவுக்குச் சீதனமாகக் கொடுக்க வைத்திருக்கும் வீடு அது. அவள் வரும் வழியெல்லாம் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த மாதக் கடைசி வரை அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். இனி அந்த உறுதியின் மேல் நான் நேரில் வராமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது என்று எழுதியும் கொடுத்துவிட்டேன்.

வேனைத் திருப்பிக் கொடுப்பாயோ விற்பாயோ, நிலுவை முழுவதையும் நீதான் கட்ட வேண்டும். நான் கடன்பட்டு உன் கடனை மூட மாட்டேன். முஸ்பிறா கடதாசியில் உள்ள நாள் வரை அங்கேதான் இருப்பாள். வாடகையைக் கூட்டுகிற கதையும் வேண்டாம். அந்த வாடகை வீட்டுத் திறப்புக் கொத்து, கணக்கு எல்லாம் இனி ஸப்னாவின் கையில். றமீஸ் அந்தப் படலையைத் தாண்டக் கூடாது.

உன் உழைப்பில் அல்லாஹ் பறக்கத் செய்யட்டும், ஹலாலான வழியையே காட்டட்டும். வெயிலில் வேலை செய்கிறாய், தண்ணீர் நிறையக் குடி. நான் அந்த வாசலுக்குத் திரும்பப் போய் மாப்புக் கேட்டுவிட்டேன். முஸ்பிறா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுடைய நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீயும் அவளிடம் மாப்புக் கேள். கேட்ட பிறகு எனக்குக் கோல் எடு.

உன் உம்மா
ஸைனம்பு