பச்சை படிந்த வலது கை

த்ருஹியோ,
6 பிப்ரவரி 1991

அன்புத் தம்பி ஹசிந்தோவுக்கு,

நலம்தானே? நீ தோண்டி அனுப்பிய கல்லறைப் பெட்டிகள் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. விலா எலும்பையும் பானை ஓட்டையும் ஒரே பையில் போட்டிருக்கிறாய். பிரித்து வைப்பதற்குள் முதுகு ஒடிந்துவிட்டது.

எலும்புகள் ஒரு பெண்ணுடையவை. வயது நாற்பதுக்கு மேல். நம் அம்மாவுக்குப் போலவே முழங்கால் தேய்ந்திருக்கிறது. வாயிலும் இடக்கையிலும் செம்புத் துண்டு, வலக்கையில் ஒன்றுமில்லை என்கிறது உன் பட்டியல். ஆனால் வலது விரல் எலும்புகளும் பச்சையாக இருக்கின்றன. நூற்றாண்டுக் கணக்கில் செம்பைப் பிடித்திருந்தால்தான் அந்தப் பச்சை ஏறும். துண்டு எங்கே?

அம்மாவை அடக்கம் செய்ய எனக்காக ஒரு நாள் காத்திருந்திருக்கலாம். சாலை மறியல் மறுநாளே முடிந்துவிட்டது.

உன் அக்கா,
ஒடிலியா

தோண்டுமிட முகாம்,
11 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

எலும்போடு பேசிப் பேசி நீ போலீஸ்காரி ஆகிவிட்டாய். எலி இழுத்துப் போயிருக்கும். என்னோடு தோண்டும் செலஸ்தினோ உனக்குச் சொல்லியனுப்பினான்: "அந்தம்மாவ மெதுவாத் தொடச் சொல்லு. நான் சோளக் கள்ளு, அதான் சிச்சா, ஊத்திக் கும்பிட்டுத்தான் மண்ணையே வெட்டினேன்."

பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடு. அம்மா விஷயத்தை விடு அக்கா. வெயில் அப்படி.

ஹசிந்தோ

த்ருஹியோ,
18 பிப்ரவரி

தம்பி,

எலி செம்பு தின்னுமா? நம் முன்னோர் செத்தவர் வாயில் ஒன்று, கைக்கு ஒன்று என்று வைத்தார்கள். அந்த மேட்டிலிருந்து நான் பார்த்த பதினொரு பேரில் ஒருவரும் வெறுங்கையோடு போகவில்லை.

அருங்காட்சியக இயக்குநரிடம் பச்சையைக் காட்டினேன். அவர் செலஸ்தினோவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவன் தாத்தா கல்லறைத் திருடராம், அது ஒன்றே காரணம். "வெதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா மொளைக்கும்?" என்று என்னிடமே கேட்கிறார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மாதக் கடைசியில் அறிக்கை போக வேண்டும். உண்மையைச் சொல்.

ஒடிலியா

முகாம்,
22 பிப்ரவரி

அக்கா,

செலஸ்தினோ இல்லை, நான்தான். அந்த வலக்கையைத் திறந்த மாலைதான் அம்மா போன செய்தி வந்தது. துண்டு சட்டைப் பையில் இருக்க, அப்படியே ஊருக்கு ஓடினேன். பாதிரியார் ஜெபமாலையை அம்மாவின் இடக்கையில் சுற்றியிருந்தார். வலக்கை காலியாக இருந்தது. அதில் வைத்து விரல்களை மூடிவிட்டேன்.

வெளியே தெரிந்தால், அம்மாவை உள்ளே வைத்துப் பூசிய சுவர்க் கல்லறையை உடைத்து எடுப்பார்கள். மண்ணில் ஊறிய பச்சை என்று ஒரு வரி எழுதிவிடு. செலஸ்தினோவும் தப்பிப்பான். அம்மாவுக்காக அக்கா.

ஹசிந்தோ

த்ருஹியோ,
28 பிப்ரவரி

தம்பி,

அந்த வரியை எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். மண்ணில் ஊறியிருந்தால் கை முழுக்கப் பச்சை ஏறியிருக்கும். இது உள்ளங்கைப் பக்கம் மட்டும்தான். செம்பு எங்கே இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். செலஸ்தினோவை நாளைக்கே திரும்ப அழைக்கிறார்கள். உன்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

உன் மேல் கோபம் தீரவில்லை. அன்று நான் அங்கே இருந்திருந்தால் நானும் வைத்திருப்பேனோ என்னவோ.

அடுத்த வாரம் சனிக்கிழமை கல்லறைச் சுவரைத் திறக்க உத்தரவு வந்திருக்கிறது. அம்மா கையை வேற்றாள் விரிக்க வேண்டாம். இருபது வருஷமாக நான் செய்யும் வேலைதானே, நானே விரிக்கிறேன். அன்று முதல் பேருந்தில் ஊருக்கு வந்துவிடுகிறேன். அதுவரை யாரையும் தொட விடாதே. இந்த முறையாவது எனக்காகக் காத்திரு.

அக்கா