துணி கட்டிய துப்பாக்கி

27.12.78, புதன்

விடியற்காலையில் நாலு முயல். ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. சாக்கைப் பிரித்ததும் பின்காலை இழுத்துக்கொண்டு வாசல்வரை போகப் பார்த்தது. "சீக்கிரம் உரி, ஆறிப்போனா தோலு வராது" என்று சொல்லிவிட்டு, வேப்பங்குச்சியை மென்றபடி நின்று வேடிக்கை பார்த்தார். உரித்தேன். வேறு என்ன செய்ய?

புருஷன் பெயர் சக்கரவர்த்தி. ஆள்வதற்கு ஒரு கொள்ளுக் கொல்லையும் நானும்தான்.

இருட்டு நாட்களில் நெற்றியில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு, பங்காளி சடையனோடு போவார். வெளிச்சம் பட்டதும் முயல் கண் கூசி அப்படியே நின்றுவிடுமாம். கிட்டே போய்த் தடியால் ஒரு போடு போட்டாலே போதுமாம். தூரத்தில் இருந்தால்தான் துப்பாக்கி. நிலாக் காலத்தில் இதெல்லாம் நடக்காது. "நெலா வெளிச்சத்துல முயலுதான் மனுசன மொதல்ல பாக்கும்" என்பார். நிலாவை அவர் திட்டுகிற மாதிரி யாரையும் திட்டியதில்லை, என்னைத் தவிர.

அவருக்கு எழுத்து தெரியாது. அமிர்திப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்ததில் எனக்குக் கிடைத்த லாபம் இது ஒன்றுதான். எதை எழுதியும் அடுப்பங்கரையில் திறந்தே போடலாம்.

29.12.78

அமாவாசை. பொழுது சாய்ந்ததும் கிளம்பினார். தாழ் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

31.12.78, ஞாயிறு

மூன்றாம் பிறை தெரிந்தது. தெருவே வெளியே வந்து கும்பிட்டது. எனக்குக் கையெடுக்கத் தோன்றவில்லை.

இனி நிலா வளர வளர வேட்டை குறையும். வேட்டை இல்லாவிட்டால் அவர் வீட்டில். வீட்டில் இருந்தால் சாராயம். அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. முயலுக்கு நல்ல காலம் வந்தால் எனக்குக் கெட்ட காலம்.

ஆடிப் பௌர்ணமியில் விட்ட உதையில் ஒன்று கலைந்தது. இப்போது மறுபடி மூன்று மாதம். அவருக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ரத்தினம்மாளுக்கு மட்டும் தெரியும். "வாயத் தொறக்காத அம்சா. இன்னா சொன்னாலும் சரின்னுட்டுப் போ. இந்த நெலாவத் தாண்டிட்டா பொழச்சுக்கும்" என்றாள்.

தாண்ட வேண்டும். இதை மட்டுமாவது காப்பாற்ற வேண்டும்.

6.1.79, சனி

நிலா மறையட்டும் என்று பாதி ராத்திரிவரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். போன இடத்தில் பனி மூட்டமாம், லைட் பத்தடிக்கு மேல் எட்டவில்லையாம். ஒரு முறைகூடச் சுடாமல் திரும்பினார்கள். துப்பாக்கிக்குள் இடித்து வைத்த வெடிமருந்தை வீணாக்க மனசு வராமல், வழக்கம்போலக் குழலில் சிவப்புத் துணியைக் கட்டி மூலையில் சாத்தினார். துணி இருந்தால் மருந்தும் ஈய ரவையும் இடித்திருக்கிறது. துணி இல்லாவிட்டால் வெறும் குழல். இது இந்த வீட்டுச் சட்டம்.

சடையன் டீ குடிக்கும்போது சொன்னான், அவன் சித்தப்பா ஒரு தடவை மருந்து மேல் மருந்து போட்டு இடித்துவிட்டாராம். சுட்டதும் குழலே பிளந்து மணிக்கட்டோடு கை போயிற்றாம். இவர் சிரித்தார். "துணி கட்டத் தெரியாத கூதறப் பய" என்றார்.

10.1.79

அவர் போதையில் தூங்கிவிட்டார்.

சாமைச் சோறு குழைந்துவிட்டதாம். அவ்வளவுதான். அதற்குத்தான். பகல் மாதிரி நிலா, கதவு திறந்தே கிடந்தது, தெருவில் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒருத்தரும் நிற்கவில்லை.

காலைத் தூக்கினான். வயித்தச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கினேன். மூஞ்சி போனாப் போவுது. விறகுக் கட்டை நெத்தியில பட்டுது. கண்ணெல்லாம் ரத்தம். எதுவும் தெரியல. மூலையில கைக்கு அகப்பட்டத உருவிக் கட்டிக்கினேன்.

வயிறு வலிக்கல. இன்னும் வலிக்கல. மாரியாத்தா.

11.1.79

காலையில் நெற்றிக் கட்டை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன். துப்பாக்கித் துணி.

அவருக்கு நேற்று நடந்தது எதுவும் நினைவில்லை. "நெத்தியில இன்னாடி?" என்றார். நிலையில் இடித்துக்கொண்டேன் என்றேன். "கண்ண எங்க வெச்சிக்கினு நடக்கற" என்றார்.

துணியைத் துவைத்துக் கொடியில் போட்டேன். காய்ந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும்.

13.1.79, சனி

போகி. இன்றைக்குத்தான் பௌர்ணமியும். பழைய பாயையும் துடைப்பத்தையும் வாசலில் போட்டுக் கொளுத்தினோம். கொடியில் அந்தத் துணி கிடந்தது. எத்தனை துவைத்தும் கறை போகவில்லை. பழைய துணிதானே. அதையும் போட்டேன்.

வேறு துணி கிழித்துக் கட்டியிருக்கலாம். பெட்டி நிறையப் பழம்புடவை இருக்கிறது.

16.1.79, செவ்வாய்

காணும் பொங்கல். கலசப்பாக்கத்துப் புளி வியாபாரி விருந்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். முயல் கறி போடுகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். தேய்பிறை தொடங்கிவிட்டது. பொழுது சாய்ந்தபின் நிலா கிளம்பக் கொஞ்சம் நேரமாகும். அந்த இருட்டுக்குள் போய் வந்தாக வேண்டும். சடையன் வாசலில் நின்று அவசரப்படுத்தினான்.

மருந்துக் குடுக்கையும் கையுமாக நின்றார். குழலைத் தூக்கிப் பார்த்தார்.

"மருந்து கீதா உள்ள?"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

"துணி இல்லீங்களே" என்றேன்.

ஆமாம் என்று மருந்தைக் குழலில் கொட்டினார். ரவையைப் போட்டார். கம்பியால் இடித்தார். இடிக்கிற சத்தத்தை எண்ணாமல் இருக்க அடுப்பைப் பெரிதாக ஊதினேன். போகும்போது அம்மியை நன்றாகக் கழுவி வை, வந்ததும் மசாலா அரைக்க வேண்டும் என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. துணி இல்லை.

பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லலாம். தோட்டத்தைத் தாண்டியிருக்க மாட்டார். இன்னும் சொல்லலாம். தடியாலேயே அடித்துக்கொண்டு வந்துவிட்டால்? சுடாமலே திரும்பினால்? அப்போது சொல்லிவிடுகிறேன்.

சடையன் பக்கத்தில் நிற்பானே. ஐயோ, அவனை நினைக்கவே இல்லை.

நிலா இன்னும் வரவில்லை. வியாபாரி வெற்றிலை கேட்கிறார்

சத்தம். பெரிய சத்தம். மலை திருப்பிச் சொல்கிறது. நாயெல்லாம் குரைக்கிறது.

அம்மி கழுவியிருக்கிறேன்.

20.1.79

வேலூர் ஆஸ்பத்திரி. இவருக்குக் கண் இரண்டும் போயிற்று. வலது கையில் கட்டை விரல் மட்டும் மிச்சம். சடையனுக்கு இடது காது கேட்கவில்லை. முகமெல்லாம் கரியோடு இவரைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவன் அவன்தான். அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நிஜமாகவே அழுதேன். அவளுக்காக.

12.2.79, திங்கள்

பௌர்ணமி. வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. வாசலில் கட்டில் போட்டு உட்கார வைத்தேன்.

தினமும் அதே கேள்விதான். "துணி கட்டித்தாண்டி வெச்சேன்?"

"கட்டலீங்க. அன்னிக்கு மறந்துட்டீங்க."

சில நாள் நம்புகிறார். இன்று நம்பவில்லை. இடது கையால் தடியை எடுத்து வீசினார். இரண்டடி தள்ளி நின்றேன். தடி தூணில் பட்டது. "எங்கடி கீற?" நான் பதில் சொல்லவில்லை, மூச்சும் விடவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். நிலா அவர் முகத்தில் நேராக விழுந்திருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. வயிற்றில் பிள்ளை அசைந்தது. முதல் முறை.

பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. "நெலா வந்துடுச்சா?"

"இன்னும் இல்லீங்க."

தடியை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து ஊட்டினேன். சாமைச் சோறு. குழைந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.