ஆறு கிலோ இரும்பு

உன் சாம்பல் நிற ஜெர்கின் இப்போது என் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. பெங்களூர்க் குளிருக்கு ஆகும் என்று உன் மனைவி கொடுத்தனுப்பினார். பைகள் இரண்டும் கீழே இழுபட்டு, யாரோ உள்ளே கைவிட்டு நிற்பதுபோல் இருக்கிறது. நேற்று காலை, தூக்கம் பாதி கலைந்த நிலையில், காபி வேண்டுமா என்று அதனிடம் கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. அதில் புதுமை இல்லை. நீயும் முதல் தடவை கேட்டதற்குப் பதில் சொன்னவனல்ல.

உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றைக்கும் இப்படித்தான் பனி. விவேக் நகரே பாலில் நனைத்த துணிபோல் கிடந்தது. உன் மனைவி மருத்துவக் கோப்புகளோடு ஆட்டோவில் முன்னே போய்விட்டார். ஆட்டோ குலுக்கும் என்று சொல்லி நீ என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாய். ஒவ்வொரு வேகத்தடையிலும் உன் ஜெர்கின் பையிலிருந்து ஏதோ என் முதுகில் இடித்தது. என்ன அது என்று இரண்டு முறை கேட்டேன்.

“எடைக்கல்லுடா. ரெண்டு கிலோ ரெண்டு, ஒரு கிலோ ரெண்டு. எல்லாம் முத்திரை போட்ட அசல் கல்லு.”

முப்பது வருடம் கடைத் தராசுகளைச் சரிபார்த்து வாழ்ந்தவன் நீ. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டிய மளிகைக்காரர்களை வாசலில் நின்றே கண்டுபிடிப்பாய். உன் வயிற்றில் கட்டி வந்தபோது, ஐம்பத்துநான்கு கிலோவுக்குக் கீழே இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நீ நாற்பத்தெட்டில் இருந்தாய். ஏமாற்றும்போதும் கலப்படமில்லாத எடைக்கற்களையே எடுத்துவந்தாய் என்பதை உன் தொழில் நேர்மைக்குச் சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எடை பார்த்த நர்ஸ் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “ஆயித்து, எறங்குங்க” என்று பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் சொல்லி, ஐம்பத்துநான்கு என்று எழுதிக்கொண்டார். உன் மனைவிக்கு முகமெல்லாம் வெளிச்சம். கஞ்சி உடம்பில் ஒட்ட ஆரம்பித்துவிட்டது என்று என்னிடம் சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கப் போனார்.

அடுத்த அறையில் மயக்க மருந்து டாக்டர். நம் மகள்கள் வயதுதான் இருக்கும். உன் காகிதத்தில் எடையை வட்டமிட்டார். மருந்துக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது என்றார். குண்டானவர்களுக்கு எல்லா மருந்தையும் முழு எடைக்கும் கொடுப்பதில்லையாம். கொழுப்பைக் கழித்துப் பார்ப்பதும் உண்டாம். இளைத்தவர்கள் விஷயத்தில் கழிக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும். மருந்து கூடிப்போனால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், விழிப்பதே கஷ்டமாகும். நீ தலையாட்டிக்கொண்டே கேட்டாய். எனக்கோ ஆறு கிலோ இரும்பை யாரோ தாலாட்டித் தூங்கவைப்பதுபோலவும், இரும்பு விழித்துக்கொண்டே கிடப்பதுபோலவும், அதன் பங்குத் தூக்கமும் உன்மேல் இறங்குவதுபோலவும் ஒரு காட்சி.

“டாக்டர், இவன் ஜெர்கினக் கழட்டச் சொல்லுங்க,” என்றேன்.

நான்கு கற்களையும் நீயே எடுத்து மேசைமேல் பெரியது சிறியது என்று வரிசையாக வைத்தாய். டாக்டர் திட்டவில்லை. ஒன்றைத் தூக்கிப் பார்த்து, “வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா சார்?” என்றார். நீ இல்லையென்று தலையசைத்த விதத்தைப் பார்த்தபின், அவரும் உன் மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. ரத்தம் குறைவு, மூன்று வாரம் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த மூன்று வாரமும் நீ என்னோடு பேசவில்லை. அதற்குள் கட்டி எவ்வளவு வளர்ந்தது என்று நான் எந்த மருத்துவரையும் கேட்டதில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

இனியும் தள்ளிப்போட முடியாதென்று, உண்மையான எடைக்கே மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள், விழித்தாய். கண் பாதி மூடியிருக்க, நாக்கு குழற, என்னைத்தான் கூப்பிட்டாய். “தட்டுல உக்காந்திருந்தேன்டா. முள்ளு அசையவே இல்ல. அவ்ளோ சுகம்.” அதன்பிறகும் ஒன்றரை வருடம் இருந்தாய். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் எனக்கு மட்டும் போன் செய்து, உன் எடையைக் கிராம் வரை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். வணக்கம், நலமா எதுவும் கிடையாது. தண்டனையா நம்பிக்கையா என்று தெரியவில்லை. எண் ஒவ்வொரு வாரமும் இறங்கியது. வீட்டில் மட்டும் நீ ஐம்பத்துநான்கிலேயே நின்றாய்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது உன் மனைவி கேட்டார்: “அண்ணா, அவர் கடைசியா எவ்ளோ இருந்தாரு? உங்ககிட்ட சொல்லியிருப்பாரே.”

“அம்பத்திநாலும்மா,” என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். கடைசி இரண்டு மாதம் உன்னைக் கையில் தூக்கிக் குளிப்பாட்டியவர் அவர்.

நீ கடைசி ஞாயிறன்று சொன்ன எண் என்னிடம் இருக்கிறது. இதிலும் அதை எழுதப்போவதில்லை.