கிறிஸ்துமஸ் அன்று வந்த விறகு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரை போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய தங்கை நுவாலா பத்திரமாக மலாவி வந்து சேர்ந்தாள். கேக்கும் உடையவில்லை.

ஒரு குழப்பம் நடந்தது, பயப்படாதீர்கள். இங்கே காலை வணக்கத்தோடு மனைவி நலமா என்றும் விசாரிப்பார்கள். அடிபம்பு பழுதுபார்க்க வந்த முதல் நாளே, மேவ் இறந்துபோனதைச் சொல்ல வாய் வராமல் "சௌக்கியம்" என்றேன். எட்டு மாதமாக அதையே சொல்லிவந்தேன்.

கிறிஸ்துமஸ் காலையில் நுவாலா வண்டியிலிருந்து இறங்கியதும் பெண்கள் குலவையிட்டு அவள் இடுப்பில் புதுத்துணி கட்டினார்கள்.

"வாடி மருமகளே! உன் புருஷன் பம்பைக் கட்டிக்கிட்டு அழுறான், இனிமே நீ பாத்துக்கோ!" என்றார் பக்கத்துவீட்டு டீச்சர் சிசாலே.

"ஐயோ, நான் தங்கச்சிங்க! அண்ணி மார்ச் மாசமே தவறிட்டாங்களே!"

குலவை நின்றுவிட்டது. டீச்சர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"எட்டு மாசமா எங்களை அழ விடாம வச்சிருந்தியேடா, பாவி!"

அடுப்பிலிருந்த கோழியை இறக்கிவைத்துவிட்டு, இங்கே சாவு வீட்டுக்கு வரும் வழக்கப்படி ஊரே விறகும் மக்காச்சோள மாவும் கொண்டுவந்து என் வாசலில் தரையில் உட்கார்ந்தது. இன்றோடு மூன்று நாள். அவர்கள் அழுகிறார்கள். நான் மட்டும் நடுவில் பிரமை பிடித்தவன்போல உட்கார்ந்திருக்கிறேன்.

பம்புக்கு ரப்பர் வாஷர் ஒரு டஜன் அனுப்புங்கள். மேவின் போட்டோ ஒன்றும் வையுங்கள், பெரியதாக. பாவம், முகம்கூடத் தெரியாமல் அழுகிறார்கள்.

வாசலில் இன்னொரு கட்டு விறகு வந்து இறங்குகிறது. நான் போய் உட்கார வேண்டும்.

உங்கள் மகன்
டோனல்