கூப்பனில் விழுந்த ஆடு

அன்புள்ள சாஹனாராவுக்கு,

கேரளத்துப் பெரும்பாவூரிலிருந்து உன் மொஃபிஜுலின் சலாம். அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா? மகள் அழாமல் பள்ளிக்குப் போகிறாளா? நான் சுகம்.

இங்கே டீக்கடைக்காரர் மகளின் ஆபரேஷனுக்குப் பணம் திரட்டினார்கள். நம் மகள் வயதுதான், நானும் கொடுத்தேன். ரசீது என்று நினைத்து வாங்கிய சீட்டு, குலுக்கல் கூப்பனாம். ஞாயிற்றுக்கிழமை மைக்கில் என்னைக் கூப்பிட்டு, "பாய், முதல் பரிசு உங்களுக்குத்தான், பிடிங்க!" என்று கையில் ஒரு கயிற்றைக் கொடுத்தார்கள். மறுமுனையில் வெள்ளாடு!

ஆறு பேர் படுக்கும் அறையில் அதை எங்கே கட்டுவது? வாசலில் கட்டியிருக்கிறேன். "எப்படா பிரியாணி?" என்று கூட்டாளிகள் நச்சரிக்கிறார்கள். "எவனாவது கை வெச்சீங்க, அவ்வளவுதான்!" என்று நேற்று கத்திவிட்டேன். வேலையில் மனம் நிற்கவில்லை. கயிற்றை அவிழ்த்திருப்பார்களோ என்று சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து பார்க்கிறேன்.

இது சரியாகத் தின்பதில்லை. நம் ஆடு புதிதாக வந்தபோது என்ன கொடுத்தாய்? உடனே எழுது. உன் பழைய சேலை ஒன்றும் அனுப்பு. ஆட்டுக்கு விரிக்கத்தான்.

வேலைக்கான லாரி ஹார்ன் அடிக்கிறது, முடிக்கிறேன். வந்த வழியைப் பார்த்தே நாளெல்லாம் கயிற்றை இழுக்கிறது இந்த ஆடு. அதட்ட எனக்கு வாய் வரவில்லை.

மொஃபிஜுல்