பருந்தோடு பறந்த கோழி

மார்ச் 3, திங்கள்

இன்று என்னை நான்கு முறை சுட்டார்கள். மூன்று முறை பட்டது. நல்ல நாள்.

அம்மா இன்றும் பக்கத்து வீட்டில் என்னை விமானி என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் தரையை விட்டு ஓரடி எழும்பியதில்லை. சோதனைத் திடலின் ஓரத்தில் ஒரு தகரக் கூண்டு. உள்ளே சுழல் நாற்காலி, ஒரு திரை, கையில் இரண்டு குச்சிகள். அங்கிருந்தபடி ஆளில்லா விமானத்தை ஓட்டுகிறேன். புதிய வான்காப்புத் துப்பாக்கி அதைச் சுட்டு வீழ்த்த வேண்டும். நான் தப்பிக்கப் பார்க்க வேண்டும். சுடுகிறவர்கள் விமானத்தைக் கோழி என்கிறார்கள். அப்படியானால் நான் கோழிக்காரி.

துப்பாக்கி லேசுப்பட்டதல்ல. அதன் ராடார் ஆறு கிலோமீட்டரில் கோழியைப் பார்த்துவிடும். குண்டு கோழியின் மூக்குக்கு முன்னால் போய்த் தானாக வெடித்து அதைச் சல்லடையாக்கும். தப்பித்த கோழிகளின் கணக்கைக் கூண்டுச் சுவரில் கோடு போட்டு வைக்கிறேன். இந்த வருடம் ஏழே கோடுதான்.

மார்ச் 4, செவ்வாய்

தம்பி பேசினான். ராணுவத்தில் இருக்கிறான். எல்லைச் சாவடிக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். அங்கே வாரம் ஒரு முறையாவது ஆளில்லா விமானம் குண்டோடு வருகிறதாம். சோதனை முடிந்ததும் முதல் துப்பாக்கி அங்கேதான் போகப்போகிறது.

“நல்லா சுடுமாக்கா?” என்றான்.

“என்னையே சுடுது, வேறென்ன வேணும்?” என்றேன். இருவரும் சிரித்தோம்.

மார்ச் 6, வியாழன்

பறக்கும்போதே கோழியின் மோட்டார் நின்றுவிட்டது. ஒயர் கழன்றிருக்க வேண்டும். மேலே மூன்று பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. அவை சுற்றும் இடத்தில் சூடான காற்று மேலே தூக்கும். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். அவை என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மெல்ல மெல்ல இறக்கிவிட்டேன். எட்டாவது கோடு!

மார்ச் 7, வெள்ளி

கோடு போட்ட சந்தோஷம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. துப்பாக்கி ஏன் என்னைச் சுடவில்லை? வேறு பக்கம் திரும்பிக்கொண்டதே!

கண்ணாடியிடம் கேட்டேன். ராடார் வடிவமைத்தவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுவார், அதனால் அந்தப் பெயர். போன வருடம் எந்திரம் பறவைகளையெல்லாம் சுட்டுக் குண்டைத் தீர்த்ததாம். அதனால் காற்றாடி சுழலாத எதுவும் பறவை என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பெருமையாகச் சொன்னார். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தால் என்று கேட்டேன். நின்றால் விழுந்துவிடும் என்றார். மனிதர் பருந்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

மார்ச் 8, சனி

இயக்குநரிடம் சொன்னேன். 12ஆம் தேதி இறுதிச் சோதனை, ராணுவத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தாளில் உள்ள பாதையில் பறந்தால் போதும், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்காதீர்கள் என்றார். கெட்டவரில்லை. மூன்று வருடமாக நேரத்துக்கு வீடு போகாத மனிதர்.

மார்ச் 11, செவ்வாய்

சாவடிக்குத் தகரக் கூரைதானாம். தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான். நாளைக்கு மோட்டாரை நிறுத்திட்டுப் பறந்தா வேலை போயிடும். பறக்கலன்னா — எழுத மாட்டேன்.

மார்ச் 12, புதன்

இந்தத் திடலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கடைசிச் சுற்று கோழிக்காரியின் சுற்று. தாளில் இருக்காது. எப்படி வேண்டுமானாலும் பறக்கலாம்.

முதல் ஐந்து சுற்றில் ஐந்து கோழியும் போயின. பந்தலில் கைதட்டல். ஆறாவதை மேலே ஏற்றினேன். பருந்துகள் இருந்தன, என் அதிர்ஷ்டம். மோட்டாரை நிறுத்தினேன். வட்டம், வட்டம், இன்னும் ஒரு வட்டம். துப்பாக்கி தேமே என்று நின்றது. கோழியைக் கொண்டுபோய் அதன் தலைமேலேயே உட்கார வைத்தேன்.

முதலில் சிரித்தவர் ராணுவத்து அம்மாள் ஒருவர். இயக்குநர் சிரிக்கவில்லை. ஒப்புதல் தள்ளிப்போனது. சுவரில் கோடு போட மனம் வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வேலை போகவில்லை. ஆனால் யாரும் பேசுவதில்லை. கேன்டீனில் என் மேசை மட்டும் காலி.

மார்ச் 19, புதன்

கண்ணாடி கூண்டுக்கு வந்தார். ஒரு வாரமாக முகம் கொடுக்காதவர்.

“எனக்குத் தூக்கமே வரலம்மா. மறுபடியும் அதே மாதிரி பறந்து காட்டுங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும்.”

நெற்றியில் கண்ணாடி இருப்பதை நான்தான் சொன்னேன்.

மார்ச் 27, வியாழன்

நாற்பத்து மூன்று முறை பறந்தாயிற்று. இந்த வேலையில் இவ்வளவு ஆனந்தம் இருந்ததே இல்லை. கண்ணாடி இப்போது நாள் முழுக்க அண்ணாந்துதான் பார்க்கிறார். பருந்து சும்மா இருப்பதே இல்லை என்று கண்டுபிடித்தோம். வாலைத் திருப்பும், இறகு நுனியை நெளிக்கும். என் கோழி விறைத்த மரக்கட்டை. நின்ற மோட்டாரும் வெகுநேரம் சூடாகவே இருக்கிறது. இந்த இரண்டையும் பார்க்க எந்திரத்தில் வெப்பக் கேமரா ஒன்றைச் சேர்த்தாயிற்று.

ஏப்ரல் 2, புதன்

போச்சு! என் கோழி போச்சு!

மோட்டார் இல்லாமல், சத்தமில்லாமல், மூன்று பருந்துகளுக்கு நடுவிலிருந்து பிரிந்து இறங்கினேன். துப்பாக்கி தலையைத் தூக்கியது. ஒரு நொடி யோசித்தது. கோழி சில்லுச் சில்லானது. பருந்துகள் பதறி விலகின, மூன்றும் பத்திரம். துள்ளிக் குதித்ததில் கூண்டுக் கூரையில் தலை இடித்துப் புடைத்துவிட்டது. தோற்றதற்கு இப்படி யாராவது குதிப்பார்களா?

சுட்டவர் ஒரு துண்டை எடுத்து வந்து கோழிக்காரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது இங்கே முறை. கண்ணாடி வால் துண்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். பின்னாலேயே இயக்குநர்.

“கடைசிச் சுற்றை இனிமே தாள்லயே எழுதிடலாம்” என்றார். அதற்கு மேல் அவரிடம் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

மே 18, ஞாயிறு

ஒப்புதல் கிடைத்து, துப்பாக்கி சாவடிக்குப் போய்ப் பத்து நாளாகிறது. மதியம் தம்பி பேசினான். நேற்றுக் காலை சாவடிக்கு மேல் சத்தமே இல்லாமல் ஒன்று இறங்கியதாம். துப்பாக்கி சுட்ட பிறகுதான் வந்ததே தெரியுமாம். இன்றும் துப்பாக்கி தலையைத் தூக்கியிருக்கிறது. எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓடியிருக்கிறார்கள்.

“பாத்தா பருந்துக்கா. கொஞ்ச நேரம் பாத்துட்டு, தலையக் கீழ போட்டுக்கிச்சு.”

அப்புறம் அரை மணி நேரம் சாவடிச் சாப்பாட்டைக் குறை சொன்னான். உப்பில்லை, உறைப்பில்லை, சோறு குழைந்துவிட்டது, சமையல்காரருக்குக் கண் தெரியவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.